மெதுமோதல் நிலையத்தின் கம்பளி உறை

எங்கள் தெருவில் எந்தச் சேதியும் முழுதாகத் தெரியாமல் யாரும் படுக்கப் போவதில்லை. அப்படிப்பட்ட தெருவுக்கே, நிதானம் என்று நாங்கள் கூப்பிட்டவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் பிடிபடவில்லை. ஊர்க்கோடியில் உயரமான மதிலுக்குள் இருக்கும் மெதுமோதல் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி என்பது வரைக்கும் தெரியும். அங்கே எதை எதோடு மோதுகிறார்கள், அதை ஏன் மெதுவாக மோத வேண்டும் என்று கேட்டால் தலையைச் சாய்த்து யோசிப்பார். பதில் வருவதற்குள் கேட்டவருக்குப் பஸ் வந்துவிடும்.

நிதானம் என்ற பெயரை வைத்தது தெருதான். நடை நிதானம், பேச்சு நிதானம், மாடிப்படி ஏறுவதும் நிதானம். போனது மட்டும்தான் சட்டென்று. ஒரு மாலை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றவர், கால் வலிக்கிறவர் மாதிரி உட்கார்ந்தார். பஸ் வந்தது, எழுந்திருக்கவில்லை.

அவருடைய மனைவி கடைத்தெருவில் சலவைக்கடையில் துணி வாங்கும் மேசையில் இருப்பவள். எங்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாலும் முகத்தைப் பார்த்தே யார் சட்டை எது என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். யார் சட்டையில் என்ன கறை, அது எப்படி வந்தது என்பதும் தெரியும். அதை வெளியே சொல்ல மாட்டாள் என்பது மட்டும்தான் அவள் மேல் தெருவுக்கு இருந்த ஒரே வருத்தம்.

நிலையத்தின் வெள்ளை அங்கிகள் வாரா வாரம் அந்தக் கடைக்குத்தான் வரும். மஞ்சள் மூட்டை, வாயில் முத்திரை, 'கட்டுப்பாட்டுப் பகுதித் துணி, பிரித்துப் பார்க்கக் கூடாது' என்ற அச்சு. மேசையில் இருப்பவர் அடையாளச் சீட்டை ஒட்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். இயந்திரக்காரர் இயந்திரத்தின் வாயில் வைத்து முத்திரையை அறுத்துக் கவிழ்ப்பார். துவைத்து உலர்த்தி அவரே மடித்துக் கட்டிவிடுவார்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நிதானம். அது விஞ்ஞானி பார்க்கிற வேலை இல்லை என்று கடை முதலாளி எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. மூட்டையைத் தவிர வேறொன்றைப் பற்றி அவர் அவளிடம் வாய் திறப்பதற்குள் கடையின் பெயர்ப்பலகை வெளுத்துப்போய் மறுபடி வர்ணம் அடித்தார்கள். அவளும் அவசரப்படுத்தவில்லை என்றுதான் கேள்வி.

அவர் இறந்த வாரம் நாத்தனார் வந்து தங்கினாள். தங்கமான மனசு, சும்மா இருக்கத் தெரியாத கை. அக்கா அழுது அயர்ந்து தூங்கிய நேரத்தில் வீட்டில் இருந்த அவருடைய சட்டை, துண்டு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். அக்கா எழுந்து மாடிக்குப் போனபோது கொடி முழுக்க அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"கண்ணுல படுறப்பல்லாம் அழுவீங்க அண்ணி. இப்ப பாருங்க, எல்லாம் சுத்தமாயிடுச்சு" என்றாள் நாத்தனார்.

ஆமாம், சுத்தமாகிவிட்டிருந்தது. நிதானத்துக்குத் தீராத கழுத்து வலி. காலையும் மாலையும் ஒரு தைலம் தேய்ப்பார். அந்தத் தைலமும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை அவர் அறைக்குள் வருவதற்கு முன்னால் வரும். அக்கா அதைத் திட்டாத நாள் கிடையாது. இப்போது அலமாரியைத் திறந்து உள்ளே முகத்தை வைத்தால் சோப்பு. காலி தைல டப்பாவை முகர்ந்தால் தைலம் மட்டும்தான் வருகிறது, ஆள் வரவில்லை.

அப்போதுதான் பச்சை ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது. அவளே பின்னியது. நிலையத்துக் கூடத்தில் குளிர் எலும்பைத் தொடும் என்பதால் அங்கேயே வைத்திருந்தார். ஒரு தடவையாவது கொண்டுவந்து தாருங்கள், துவைத்துத் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். துவைத்தால் கதகதப்பு போய்விடும் என்று அவர் கொண்டுவரவேயில்லை. ஆக, உலகத்தில் அவர் வாசனை மிச்சமிருக்கிற இடம் அந்த ஒன்றுதான். அதை வாங்கிவர அக்கா கிளம்பினாள்.

நிலையத்து வாசலில் ஒரு பலகை: 'அவசரப்படாதீர். இங்கே அயனிகள்கூட அவசரப்படுவதில்லை.' வாசல் கம்பம் எழும்புகிற அழகைப் பார்த்தாலே அது உண்மை என்று தெரிந்துவிடும். சாமான் கிடங்கில் இருந்தவர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குடை, சீப்பு, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா. எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள். பிறகு பச்சை ஸ்வெட்டரைக் கேட்டாள்.

"அது இப்ப ஸ்வெட்டர் இல்லம்மா" என்றார் கிடங்குக்காரர், நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில். "வெப்பத் தடுப்பு உறை. கம்பளி, பச்சை, கை வச்சது."

விஷயம் இதுதான். எக்ஸ்ரே எண்ணுகிற கருவிக்கு எப்போதும் கடுங்குளிர் வேண்டும். அதற்காக அதோடு திரவ நைட்ரஜன் நிரப்பிய பெரிய குடுவை ஒன்று உண்டு. கடைசி நாள் அந்தக் குடுவையின் கழுத்தில் பனி பிடித்துத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. நிதானம் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதன் கழுத்தில் சுற்றி, இரண்டு கையையும் முடிச்சுப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். சொட்டு நின்றுவிட்டது. மறுவாரம் வந்த தணிக்கைக் குழு குடுவையில் இருந்ததையெல்லாம் குடுவையோடு சேர்த்து எழுதிக்கொண்டது. ஆய்வுக் கருவியின் ஒரு பாகத்தைக் கழற்ற வேண்டுமானால் அந்த ஆய்வின் தலைமை ஆய்வாளர் ஒப்புதல் தர வேண்டும்.

"யார் அந்தத் தலைமை ஆய்வாளர்?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"அவர் இறந்துட்டாரே சார்."

"எங்களுக்கும் வருத்தம்தான்" என்றார் கிடங்குக்காரர். "ஆனா அவர் ராஜினாமா பண்ணலையே."

இதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொன்னபோது தெருவில் சிலர் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். நிலையம் ஒப்புதல் கேட்டு நிதானத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. அவர் மேசையில் வைத்தார்கள், அவர் எடுக்கவில்லை. அதனால் நினைவூட்டல் ஒன்று வீட்டு முகவரிக்கு வந்தது. 'தாங்கள் இதுவரை பதில் அளிக்காதது வியப்பளிக்கிறது.' அடுத்ததில் வியப்பு வருத்தமாகியிருந்தது. அதற்கடுத்ததில், இத்தனை காலம் நற்பெயருடன் பணியாற்றிய தாங்கள் இப்படி நடந்துகொள்வது முறையா என்று கேட்டிருந்தார்கள். அக்கா அதை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வேறெங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் இயக்குநரே அவளைக் கூப்பிட்டனுப்பினார். வழுக்கைத் தலை, வெல்வெட் குரல். எதிரே இருப்பவரின் நாற்காலியைக்கூடத் தானே இழுத்துப்போடுகிற மரியாதை. நினைவூட்டல்களுக்குப் பதில் வராவிட்டால் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருப்பதாகச் சொன்னார். "அவர் உயிரோட இருந்தப்பவும் அப்படித்தாம்மா எடுத்துக்கிட்டோம். ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்ல. லீவை வெட்டினாலும் சரி, அவர் கட்டுரையில என் பேரை முதல்ல போட்டாலும் சரி. அருமையான மனுஷர்."

ஆகவே விஷயம் முடிவெடுக்கிற குழுவுக்குப் போனது. குழு கூடுகிற வரைக்கும் உறையைக் கண்ணால் பார்த்துவர அவளுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

அழைத்துப் போனவள் எக்ஸ்ரே அம்மா. நிதானத்தோடு ஒரே கூடத்தில் காலமெல்லாம் எக்ஸ்ரே எண்ணியவள் என்பதால் அந்தப் பெயர். ஒரே அறை, ஒரே வேலை, இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள் என்பதை வைத்துத் தெரு ஒரு காலத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. கணக்கு எதற்கும் சரியாக வரவில்லை.

கூடம் குளிர்ந்தது. ஒரு மூலையில் அயனிகள் பிறக்கும் பெட்டி. அங்கிருந்து பளபளப்பான நீண்ட குழாய், வழியில் கனத்த காந்தங்கள், முடிவில் ஒரு சிறிய அறை. அதற்குள் கொஞ்சூண்டு வாயு. பக்கத்தில் இடுப்புயரக் குடுவை. குடுவையின் கழுத்தைப் பச்சை ஸ்வெட்டர் கட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு.

"கோட்டைத் தாண்டக் கூடாது" என்றாள் எக்ஸ்ரே அம்மா, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அக்கா கோட்டின் மேல் கால் கட்டைவிரலை வைத்து நின்று கழுத்தை நீட்டினாள். குளிர்தான் வந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். நீட்டவில்லை. கட்டுப்பாட்டுப் பகுதித் துணியைத் தொடாத பழக்கம்.

"இங்க என்னதாங்க பண்ணாரு அவரு?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்க நினைத்தது.

எக்ஸ்ரே அம்மா குழாயைக் காட்டிச் சொன்னாள். அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் கூடு கூடாக இருக்கும். வெளிக்கூட்டில் இருப்பவை அசைந்து கொடுப்பவை. உள்கூட்டில் இருப்பவை ஆழத்தில் கெட்டியாகப் பிணைந்தவை. வேகமாக வருகிற அயனி இடித்தால் உள்ளே இருப்பதையும் தட்டிவிட்டுப் போகலாம், அதில் ஆச்சரியமில்லை. மெதுவாக வந்தால் உள்கூட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கணக்கும் அப்படித்தான் சொன்னது. ஆனால் போட்டுப் பார்த்தால் உள்கூட்டில் காலியிடம்.

"எப்படின்னா, மெதுவா வர்றதால ரெண்டுக்கும் நேரம் இருக்கு. நெருங்கி நெருங்கிக் கொஞ்ச நேரம் ரெண்டும் ஒண்ணாவே ஆயிடும். ஒரே மூலக்கூறு மாதிரி. அந்த நேரத்துல எந்த எலெக்ட்ரான் எந்த வீட்டுதுன்னு சொல்ல முடியாது. அப்புறம் பிரியும். பிரியறப்போ ஆழத்துல இருந்த ஒண்ணு மேல் மாடிக்குப் போயிருக்கும். அது இருந்த இடம் காலி. ரெண்டும் அது பாட்டுக்கு அது வழியில போகும். போற போக்கைப் பாத்தா இத்தனை ஆழத்துல ஒண்ணு போயிருக்குன்னு தோணாது."

"அந்தக் காலி இடம்?"

"மேல இருக்கற இன்னொண்ணு அதுல வந்து விழும். விழறப்போ சில சமயம் ஒரு எக்ஸ்ரே வரும். அதைத்தான் நாங்க எண்ணுவோம்."

"எவ்வளவு நாள்ல நிரம்பும்?"

"நாளெல்லாம் இல்லைங்க. உடனே. நினைச்சுப் பார்க்கறதுக்குள்ள."

அணுவாகப் பிறந்தால் சில வசதிகள் இருக்கின்றன.

கிளம்பும்போது எக்ஸ்ரே அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலையில வந்ததும் ஒரு நிமிஷம் அது பக்கத்துல நிப்பேன். கழுத்துப் பட்டையில அந்தத் தைல வாசனை இன்னும் இருக்கு." அக்காவுக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடியே, இருக்கிறதாமே என்று மனசு குதித்தது. பஸ்ஸில் வரும்போது இரண்டும் மாறி மாறி வந்ததாக நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். நாத்தனாரிடம் சொன்னது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

குழு கூடியது. அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சு கேட்டது. உறை யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. கோட்பாட்டுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், ஸ்வெட்டரும் குடுவையும் நீண்ட காலம் நெருங்கியிருந்ததால் இரண்டையும் ஒரே பொருளாகத்தான் கருத வேண்டும் என்றும், பிரிப்பதாக இருந்தால் குடுவையையும் விதவையிடம் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தார். இன்னொருவர், நியாயமாகப் பார்த்தால் எந்த நூல் யாருடையது என்று தனித்தனியே பிரித்துத்தான் சொல்ல முடியும் என்றார். அதற்கு ஒரு துணைக்குழு போடலாமா என்று விவாதித்தார்கள். குடுவைக்குக் குளிருமே என்று யாரோ கவலைப்பட்டார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளாமல் போனவரைப் பற்றி அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பேச்சும் வரவில்லை.

இயக்குநர் வெளியே வந்தபோது முகமெல்லாம் கருணை. உறையைக் கொடுத்துவிடுவதாக முடிவாகிவிட்டது. அதுவும் சும்மா இல்லை, நிலையத்தின் ஆண்டு விழாவில், எல்லோர் முன்னிலையிலும், முழு மரியாதையோடு, விதிப்படி, எந்தச் சேதமும் இல்லாமல்.

"இப்பவே எடுத்துட்டுப் போயிடட்டுமா சார்? ஒரு பையில சுருட்டிக்கிறேன்" என்றாள் அக்கா.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார் இயக்குநர். "நம்ம இடத்துல எதுவும் அப்படி நடக்கறதில்ல."

விழா வருகிற வரைக்கும் அக்கா வேறு ஆளாக இருந்தாள். தெருவில் போகிறவர்களிடம் தானே நின்று பேசினாள். ஸ்வெட்டரை அலமாரியில் வைக்கக் கூடாது, காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும் என்று ஒரு டப்பா வாங்கினாள். வாரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பாளாம், அடிக்கடி திறந்தால் தீர்ந்துவிடுமாம். நாத்தனார் வந்து தங்கினால் டப்பாவை எங்கே ஒளிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

விழாவுக்கு முந்தின வாரம் கடைக்கு மஞ்சள் மூட்டை வந்தது. வழக்கத்தைவிடச் சின்னது. முத்திரைக்குப் பக்கத்தில் 'கம்பளி, அவசரம்' என்று எழுதியிருந்தது. நிலையத்திலிருந்து அவசரம் என்று ஒரு சொல் வந்தது அதுவே முதல் தடவை என்று அக்கா இயந்திரக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தன் கையால் சீட்டு ஒட்டினாள்.

"கம்பளியாம் அண்ணே. சுடுதண்ணி ஆகாது, சுருங்கிடும். நல்ல சோப்பாப் போட்டு மெதுவா சுத்த விடுங்க" என்று சொல்லி உள்ளே தள்ளினாள். யாருடையதோ, பாவம், கெட்டுப்போகக் கூடாது.

ஆண்டு விழா அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அக்கா, பக்கத்தில் நாத்தனார். மேடையில் கண்ணாடி மூடி போட்ட தட்டு. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுதி வைத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, மனசிலிருந்தே பேசினார்.

"வேகமா மோதறது யாருக்கும் வரும். அதுல சத்தம் இருக்கும், சிதறல் இருக்கும், புகார் இருக்கும். நம்ம வழி வேற. நாம மெதுவா நெருங்குவோம். நெருங்கறதே எதிர்ல இருக்கறவருக்குத் தெரியாது. நாமளும் அவரும் ஒண்ணுன்னு அவர் நம்பற வரைக்கும் நெருங்குவோம். அப்புறம் மரியாதையா விலகிடுவோம். வெளியில ஒரு கீறல் இருக்காது. உள்ளுக்குள்ள ரொம்ப ஆழத்துல எது இருந்ததோ அது போயிருக்கும். அவ்வளவுதான். அணு விஷயத்துல மட்டும் இல்ல, நம்ம ஊழியர்கள் விஷயத்துலயும், அவங்க குடும்பங்கள் விஷயத்துலயும் இந்த நிலையம் இதைத்தான் காலம் காலமா செஞ்சுட்டு வருது."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. நாத்தனாரும் தட்டினாள். எக்ஸ்ரே அம்மா மட்டும் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். இயக்குநர் கண்ணாடி மூடியைத் தூக்கினார். பச்சை ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் இருந்தது. நிறம் அப்படியே, அளவு அப்படியே, இடது கையில் அவள் ஒரு வரிசை தவறிப் பின்னிய இடம்கூட அப்படியே. அக்கா அதை இரண்டு கையாலும் எடுத்தாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் கழுத்துப் பட்டையில் முகத்தைப் புதைத்தாள்.

அந்த வாசனை அவளுக்குத் தெரிந்த வாசனைதான். ஒவ்வொரு நாளும் கடைக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற வாசனை.

முகத்தை எடுக்காமலேயே வெகுநேரம் நின்றாள். அரங்கம் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு மரியாதையாக அமைதி காத்தது.

"துவைச்சீங்களா சார்?" என்று கடைசியில் கேட்டாள். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

இயக்குநர் மலர்ந்தார். "பின்னே? கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து சலவை ஆகாம எதுவும் வெளியில போகக் கூடாதும்மா, விதி. ஆனா நாங்க ஏனோதானோன்னு விடல. கடைத்தெருவுல நல்ல கடையாப் பாத்துத்தான் அனுப்பினோம். பாருங்க, ஒரு நூல் பிசகல."

"தெரியும் சார்" என்றாள் அக்கா. "நல்லாத்தான் துவைப்பாங்க."

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார்கள். 'சேதமின்றி' என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே போட்டாள். எக்ஸ்ரே அம்மா வாசல்வரை கூடவே வந்தாள். மூட்டை போன விஷயம் தனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியோ என்னவோ, அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் நின்று பார்த்த வாசல் காவலர்தான் இதைப் பிற்பாடு சொன்னார். இரண்டு பேரும் கம்பம் எழும்புகிற வரைக்கும் அப்படியே நின்றார்களாம். கம்பம் எழும்பி, மறுபடி இறங்கியும் விட்டதாம்.

தெருமுனையில் நாங்கள் காத்திருந்தோம். கிடைத்ததா என்று கேட்டோம்.

"கிடைச்சுது" என்றாள்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாக அடுத்த கேள்வி கேட்பவர்கள் நாங்கள். அன்றைக்கு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். மஞ்சள் மூட்டை விஷயம் நாத்தனார் ஊருக்குத் திரும்பும் முன் அழுதுகொண்டே சொல்லித்தான் தெரியும். கொடியில் காயப்போட்டதற்கும் சேர்த்து அழுதாள் போலிருக்கிறது. ஸ்வெட்டருக்காக வாங்கிய டப்பாவில் இப்போது பாத்திரம் தேய்க்கிற பொடி இருக்கிறது.

அக்கா மறுநாளே வேலைக்குப் போனாள். எல்லாம் முன்போலத்தான். சீட்டு எழுதுகிறாள், முகத்தைப் பார்த்தே துணி எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு விஷயம் மட்டும் புதிது. யார் எதை மேசைமேல் வைத்தாலும், அதை உடனே உள்ளே தள்ளுவதில்லை. ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "இதைத் துவைச்சே ஆகணுமா?" என்று கேட்கிறாள்.

சலவைக்கடையில் கேட்கிற கேள்வியா இது. முதலில் சிரித்தோம். வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி புலம்பினார், பிறகு விட்டுவிட்டார். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள், அவளும் சீட்டு ஒட்டிவிடுகிறாள். போன வாரம் கடைசி வீட்டுக்காரர் ஒரு சால்வையைக் கொண்டுவந்தார். கேள்வியைக் கேட்டதும் சால்வையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அது யாருடைய சால்வை என்று தெருவில் யாரும் விசாரிக்கவில்லை.